எவர்டனும் லிவர்பூலும் பிறந்த தெருக்கள்: தடம் தேடிச் செல்வோருக்கு ஒரு வழிகாட்டி

ஒரு கால்பந்துக் கழகம் எப்படிப் பிறந்தது என்று அறிய விரும்புகிறவர் வழக்கமாக அதன் மைதானத்துக்குப் போகிறார், அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்க்கிறார், கோப்பைகளுக்கு முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்தில் இப்படித் தொடங்குகிறவர் முதல் அடியிலேயே குழம்பிப்போவார். இன்று லிவர்பூல் கழகத்தின் வீடாக உலகம் முழுவதும் அறியப்படும் ஆன்ஃபீல்டு மைதானத்தில் 1884 முதல் 1892 வரை ஆடியது எவர்டன் கழகம். எவர்டன் தன் முதல் லீக் பட்டத்தை 1890-91 பருவத்தில் வென்றதும் அங்கேதான். லிவர்பூல் கழகம் அப்போது பிறக்கவே இல்லை. இரண்டு கழகங்களும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. அந்த வேர் எந்த மைதானத்திலும் இல்லை, இன்று வீடுகள் நிற்கும் ஒரு தெருமுனையில் இருக்கிறது. அங்கிருந்து பூங்கா, வயல், மதுவிடுதி, ஒரு பணக்காரரின் வீடு என்று படிப்படியாக நடந்தால்தான் கதை முழுமையாகப் புரியும். மொத்தத் தொலைவு ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர். ஒரு நாள் ஏட்டோடு, ஒரு நாள் காலோடு என இரண்டு நாட்கள் ஒதுக்கினால் போதும்.

நம் ஊர்க் கோயில்களைப் பற்றி அறிய முற்படுகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. அர்ச்சகர் சொல்லும் தலபுராணத்தைப் பக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். பிறகு மதில் ஓரமாகச் சென்று கல்வெட்டில் என்ன ஆண்டு இருக்கிறது என்று பார்ப்பார்கள். இரண்டையும் மதிப்பார்கள், ஆனால் ஒன்றை மற்றொன்றாக நினைக்கமாட்டார்கள். கால்பந்துக் கழகங்களின் தொடக்கக் கதைகளுக்கும் இதே கவனம் தேவை. ஆதரவாளர்கள் நூறாண்டாகச் சொல்லிவரும் கதைகள் தலபுராணம். அந்தந்த நாளில் எழுதப்பட்ட செய்தித்தாள் வரி, நடவடிக்கைக் குறிப்பேடு, நிலவரைபடம் ஆகியவை கல்வெட்டு. கீழே சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் இவ்விரண்டில் எது நம் கையில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்வதுதான் இந்த வேலையின் உயிர்நாடி.

முதற்படி: வீட்டிலிருந்தே வரைபடம் பார்த்தல்

கிளம்புவதற்கு முன் பழைய நிலவரைபடங்களைப் பாருங்கள். பிரிட்டனின் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டில் வெளியிட்ட வரைபடங்களை ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். பழைய வரைபடத்தின் மேல் இன்றைய வரைபடத்தை வைத்து ஒப்பிடும் வசதியும் உண்டு. எவர்டன் பகுதிக்கு இரண்டு பதிப்புகளை எடுத்துக்கொள்ளுங்கள்: 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது ஒன்று, 1890களைச் சேர்ந்தது ஒன்று. முதலாவதில் தோட்டங்கள் சூழ்ந்த பெரிய வீடுகளும் வயல்களும் தெரியும். இரண்டாவதில் அந்த வயல்களின் மேல் சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் நெருக்கமாக நிற்கும். பிள்ளைகள் ஓடியாட இடமில்லாமல் போனதும், ஒரு பொதுப் பூங்கா அவசியமானதும், தேவாலயங்கள் இளைஞர்களுக்கு விளையாட்டு ஏற்பாடு செய்யத் தொடங்கியதும் இந்த இரண்டு தாள்களுக்கு இடையிலான காலத்தில்தான். வரலாற்று நூல்கள் பக்கம் பக்கமாகச் சொல்வதை இந்த ஒப்பீடு ஐந்து நிமிடத்தில் காட்டிவிடுகிறது.

வரைபடத்தில் நீங்கள் செல்லப்போகும் இடங்களைக் குறித்துக்கொள்ளும்போது ஒரு எச்சரிக்கை. அப்பகுதியில் செயின்ட் டொமிங்கோ என்ற பெயரைத் தாங்கிய தெருக்கள் பல உண்டு. 18ஆம் நூற்றாண்டில் மேற்கிந்தியத் தீவுகளோடு வணிகம் செய்து செல்வம் சேர்த்த ஒருவர் தன் பண்ணைக்கு அங்குள்ள தீவின் பெயரை வைத்தார். பிற்காலத்தில் அந்த நிலத்தில் போடப்பட்ட சாலைகள் அதே பெயரைப் பெற்றன. நமக்கு வேண்டியது, எவர்டன் கழகத்துக்கு வித்திட்ட தேவாலயம் நின்ற செயின்ட் டொமிங்கோ வேல் என்ற தெரு. முதன்முறை சென்றபோது நான் கைப்பேசியில் செயின்ட் டொமிங்கோ என்று மட்டும் தட்டிவிட்டு, அது காட்டிய செயின்ட் டொமிங்கோ ரோட்டில் இல்லாத முனையைத் தேடி நெடுநேரம் அலைந்தேன். தெருவின் முழுப்பெயரையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: ஆவணக்காப்பகத்தில் ஒரு நாள்

லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் ரயில் நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், வில்லியம் பிரவுன் தெருவில் மத்திய நூலகம் இருக்கிறது. நகரின் ஆவணக்காப்பகமும் அதே கட்டடத்தில்தான். எவர்டன் கழகத்தின் நடவடிக்கைக் குறிப்பேடுகள், கணக்குப் பேரேடுகள், ஆட்ட நிரல்கள் முதலியவை அடங்கிய பெரும் தொகுப்பு, எவர்டன் கலெக்‌ஷன் என்ற பெயரில் இங்கே பாதுகாக்கப்படுகிறது. ஒரு கழகத்தின் தொடக்ககால ஏடுகள் இவ்வளவு விரிவாகப் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைப்பது அரிது. நகருக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் இதை அறியாமலே போய்விடுவது வருத்தம் தருகிறது. நேரில் செல்லும் முன் மின்னஞ்சலில் எழுதி, எந்த ஏட்டைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்று சொல்லி, அனுமதி முறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள ஆவணம் எடுத்துச் செல்லுங்கள். மைப்பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள்.

செய்தித்தாள்களைத் தேடுவது அடுத்த வேலை. லிவர்பூல் மெர்க்குரி, லிவர்பூல் கூரியர் ஆகிய இரண்டும் அக்கால நகர நாளிதழ்கள். 1879இல் ஒரு தெருமுனை அணியின் ஆட்டத்துக்கு அவை இரண்டு மூன்று வரிகளுக்கு மேல் ஒதுக்கியிருக்காது என்பதை நினைவில் வையுங்கள். பெரிய கட்டுரை தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். கணினியில் தேடும்போது எவர்டன் என்று மட்டும் போட்டால், அது ஒரு பகுதியின் பெயராக இருப்பதால், வீட்டு வாடகை விளம்பரமும் இரங்கல் அறிவிப்பும் வந்து குவியும். எதிரணியின் பெயரையோ பூங்காவின் பெயரையோ சேர்த்துத் தேடுவது நல்லது. தேவாலய அணியின் பெயரும் ஒவ்வொரு இதழிலும் ஒவ்வொரு விதமாக அச்சாகியிருக்கலாம். பழைய அச்சைக் கணினி தவறாகப் படிப்பதும் உண்டு; ஆகவே தேதி தெரிந்த ஆட்டங்களுக்குத் தேடுபொறியை நம்பாமல் அந்தத் தேதிக்கு அடுத்த நாட்களின் பக்கங்களைக் கண்ணால் புரட்டிப் பார்ப்பதே உறுதியான வழி.

தேதிகளை நாட்காட்டியோடு ஒப்பிடும் பழக்கம் எவ்வளவு பயன்படும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். ஆன்ஃபீல்டில் எவர்டன் ஆடிய முதல் ஆட்டம், எர்ல்ஸ்டவுன் அணியை 5-0 என்று வென்றது, 1884 செப்டம்பர் 28 அன்று நடந்ததாகப் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஆண்டின் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள்: செப்டம்பர் 28 ஒரு ஞாயிற்றுக்கிழமை. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில், அதுவும் தேவாலயத்தில் பிறந்த ஒரு கழகம், ஞாயிறன்று பந்தாடியிருக்க வழியில்லை. தொழிலாளர்களுக்கு அரைநாள் விடுப்பு கிடைக்கும் சனிக்கிழமைதான் ஆட்ட நாள். எனவே 27ஆம் தேதியையே முதலில் தேட வேண்டும். எந்தப் புத்தகமும் இல்லாமல் ஒரு நாட்காட்டி மட்டுமே காட்டிக்கொடுக்கும் பிழை இது.

ஆட்களைத் தேட இரண்டு ஏடுகள் உதவும். கோர்ஸ் என்ற பெயரில் 1766 முதல் வெளிவந்த நகர முகவரிக் கையேடுகளில் யார் எந்தத் தெருவில் என்ன தொழில் செய்தார் என்பது இருக்கும். 1871, 1881, 1891 ஆண்டுகளின் மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் குடும்பமும் வயதும் பிறந்த ஊரும் இருக்கும். அதே பெயரில் நகரில் பலர் இருப்பார்கள் என்பதால், பெயரோடு தெருவும் தொழிலும் பொருந்தினால்தான் ஒருவரை அடையாளம் கண்டதாகக் கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: நடைப்பயணத்துக்கு நாள் குறித்தல்

ஆன்ஃபீல்டில் ஆட்டம் இல்லாத ஒரு வார நாளைத் தேர்ந்தெடுங்கள். ஆட்ட நாளில் சுற்றுத் தெருக்கள் அடைக்கப்பட்டு, கூட்டத்தில் நின்று எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், காலையிலேயே கிளம்புங்கள். மழைக்கோட்டும், ஏற்றத்துக்கு ஏற்ற காலணியும் வேண்டும். வரைபடத்தின் அச்சுப்படியைக் கையில் வைத்திருங்கள். கைப்பேசித் திரையில் இரண்டு காலங்களை ஒருசேரப் பார்ப்பது கடினம்.

நான்காம் படி: எவர்டன் பிரௌ

கால வரிசைப்படி பார்த்தால் தேவாலயத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆயினும் நான் முதலில் எவர்டன் பிரௌவுக்குப் போகச் சொல்வேன். நகர மையத்திலிருந்து ஏறிச்செல்லும் அந்த மேட்டில் நின்று திரும்பிப் பார்த்தால் மெர்சி நதியும், வானம் தெளிந்திருந்தால் அதற்கப்பால் வேல்ஸ் நாட்டு மலைகளும் தெரியும். எவர்டன் என்பது ஒரு காலத்தில் லிவர்பூலுக்கு மேலே தனியாக இருந்த ஒரு கிராமம் என்பதும், 1835இல் தான் நகரோடு சேர்க்கப்பட்டது என்பதும், கழகத்தைத் தொடங்கியவர்கள் நகரின் பெயரை விட்டு அந்தக் கிராமத்தின் பெயரை ஏன் விரும்பினார்கள் என்பதும் அந்த ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது தானாகப் புரியும்.

சரிவில் புல்வெளிக்கு நடுவே வட்டமான ஒரு சிறு கற்கட்டடம் நிற்கிறது. அண்ணாந்து பார்க்கும் உயரம்கூட இல்லை. கூம்பு வடிவக் கூரை, ஒரே ஒரு கதவு. கதவருகே நின்று உள்ளே எத்தனை பேரை அடைத்திருக்க முடியும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். நாலைந்து பேருக்கு மேல் உட்கார இடம் இராது. 1787இல் கட்டப்பட்ட ஊர்க் காவல் கொட்டடி இது. இரவில் குடித்துவிட்டுக் கலகம் செய்தவர்களை மறுநாள் விசாரணைவரை அடைத்து வைத்த இடம். எவர்டன் கழகத்தின் சின்னத்தில் நடுவே இருக்கும் கோபுரம் இதுதான். 1938இல் அப்போதைய செயலாளர் தியோ கெல்லி வடிவமைத்தபோது சின்னத்துக்குள் வந்தது. இதை மக்கள் இளவரசர் ரூப்பர்ட் கோபுரம் என்று அழைக்கிறார்கள். ஆனால் இங்கிலாந்து உள்நாட்டுப் போரில் அரசர் தரப்புத் தளபதியான ரூப்பர்ட் லிவர்பூலை முற்றுகையிட்டு எவர்டனில் தங்கியது 1644இல். அவருக்கும் இந்தக் கட்டடத்துக்கும் இடையே 143 ஆண்டுகள். தலபுராணத்தையும் கல்வெட்டையும் பிரித்துப் பார்க்கும் பயிற்சியைத் தொடங்க இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது.

இதே சுற்றுவட்டாரத்தில், வில்லேஜ் தெருவில், குவீன்ஸ் ஹெட் என்ற விடுதி இருந்தது. 1879 நவம்பரில் அங்கே நடந்த கூட்டத்தில்தான், தேவாலயத்தைச் சேராத இளைஞர்களும் அணியில் சேர்ந்துவிட்டதால், அணிக்கு இருந்த செயின்ட் டொமிங்கோ என்ற பெயர் எவர்டன் என்று மாற்றப்பட்டது. விடுதி இன்று இல்லை. சுற்றியிருந்த தெருக்களில் பல 20ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டு, 1980களில் எவர்டன் பூங்காவாக மாறின. எதுவும் இல்லாத இடத்துக்கு எதற்குப் போக வேண்டும் என்று தோன்றலாம். விடுதியிலிருந்து தேவாலயத்துக்கு எவ்வளவு தூரம், யார் எங்கிருந்து நடந்து வந்திருப்பார்கள் என்பதை உடலால் அறிவதற்காகத்தான். எவர்டனின் டாஃபீஸ் என்ற செல்லப்பெயருக்குக் காரணமான மிட்டாய்க் கடையும் இந்தக் கிராமத்தைச் சேர்ந்ததே; அந்தக் கதைக்குப் பல வடிவங்கள் உண்டு, எல்லாவற்றையும் தலபுராணப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: தேவாலயம் நின்ற முனை

மேட்டைக் கடந்து கிழக்கே நடந்தால் பிரெக்ஃபீல்டு ரோடு நார்த் வரும். அது செயின்ட் டொமிங்கோ வேலைச் சந்திக்கும் இடத்தில்தான் மெதடிஸ்ட் நியூ கனெக்‌ஷன் பிரிவினரின் தேவாலயம் இருந்தது. வேறு இடங்களில் மூடப்படவிருந்த மூன்று சிறிய ஆலயங்களுக்கு மாற்றாக 1865இல் நிலம் வாங்கி, 1871இல் திறந்தார்கள். 1877இல் போதகராக வந்த பென் ஸ்விஃப்ட் சேம்பர்ஸ், சபையின் இளைஞர்களுக்காகக் கிரிக்கெட் அணி தொடங்கினார். கிரிக்கெட் கோடைக்கு மட்டுமே. குளிர்காலத்தில் பையன்கள் சும்மா இருக்கக் கூடாது என்பதற்காக 1878இல் கால்பந்து சேர்ந்தது. உலகின் இரண்டு பெரிய கழகங்களுக்கான தொடக்கம் இவ்வளவு எளிய தேவையில் இருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழ்கிறது.

ஆலயம் இன்று இல்லை. ஆனால் தெருக்களின் கோணம் மாறவில்லை; 1890களின் வரைபடத்தைக் கையில் விரித்து, தெரு முனையோடு பொருத்தி, கட்டடம் எந்தப் பக்கம் நின்றது என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். சுற்றிலும் மக்கள் குடியிருக்கிறார்கள். வீட்டு வாசல்களைப் படமெடுக்காமல், யாராவது விசாரித்தால் எதற்கு வந்தீர்கள் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். முதியவர்கள் சில நேரம் நாம் கேட்காத விவரங்களையும் சொல்வார்கள். அவற்றைத் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறாம் படி: ஸ்டான்லி பூங்கா

அங்கிருந்து வடக்கே பூங்காவுக்குப் பதினைந்து நிமிட நடை. எட்வர்ட் கெம்ப் வடிவமைத்து 1870இல் திறக்கப்பட்ட இந்தப் பூங்காவின் தென்கிழக்கு மூலையில்தான் தேவாலய அணி ஆடியது. வேலியில்லை, நுழைவுக் கட்டணமில்லை. ஆட்ட நாளில் பூங்காக் காவலர் இல்லத்தில் வைத்திருந்த கோல்கம்பங்களை ஆட்டக்காரர்களே சுமந்துவந்து நட்டு, முடிந்ததும் பிடுங்கிக் கொண்டுபோய் வைத்தார்கள் என்று சொல்லப்படுகிறது. இந்த விவரம் வெகுகாலம் கழித்து எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளின் வழியாக வருவது. நம்பத் தகுந்தது, ஆனால் அந்நாளைய ஏடு அல்ல. 1879 டிசம்பர் 20, சனிக்கிழமை, எவர்டன் என்ற பெயரில் ஆடிய முதல் ஆட்டம் இங்கே நடந்தது. செயின்ட் பீட்டர்ஸ் அணியை 6-0 என்று வென்றார்கள்.

இந்த மூலையில் அவசரப்படாதீர்கள். புல்வெளியில் நின்றால் தெற்கே ஆன்ஃபீல்டின் கூரை மிக அருகில் எழுந்து நிற்கும். பூங்காவின் மறுபக்கம், ஆன்ஃபீல்டை விட்டபின் எவர்டன் குடியேறிய குடிசன் பார்க் மைதானம். இரண்டு மைதானங்களுக்கும் நடுவே ஒரு மைல்கூட இல்லை. நூறாண்டு கழித்து, 2000களில், லிவர்பூல் கழகம் புதிய மைதானம் கட்டத் திட்டமிட்டு, பிறகு கைவிட்டதும் இந்தப் பகுதியில்தான். ஒரே மண் இரண்டு கழகங்களையும் திரும்பத் திரும்ப இழுத்திருக்கிறது.

ஏழாம் படி: பிரயரி சாலை

கூட்டம் பெருகியதும் வேலி போட்ட களம் தேவைப்பட்டது. க்ரூயிட் என்ற நில உரிமையாளர் பிரயரி சாலையில் ஒரு வயலைக் கொடுத்தார்; 1883-84 பருவம் அங்கே ஆடினார்கள், லிவர்பூல் கோப்பையும் வென்றார்கள். ஆரவாரம் தாங்காமல் அவர் காலிசெய்யச் சொல்லிவிட்டார். பூங்காவுக்கும் ஆன்ஃபீல்டு கல்லறைத் தோட்டத்துக்கும் இடையே ஓடும் சாலை இது. பார்ப்பதற்கு அதிகம் இல்லை. நடந்து கடந்தால் போதும்.

எட்டாம் படி: ஆன்ஃபீல்டு சாலையும் சாண்டன் விடுதியும்

இங்கேதான் நேரத்தைச் செலவிட வேண்டும். பீர் ஆலை உரிமையாளரும் உள்ளூர் அரசியல்வாதியுமான ஜான் ஹூல்டிங், தன் தொழிலைச் சேர்ந்த ஆரல் சகோதரர்களின் நிலத்தை 1884இல் கழகத்துக்குப் பேசி முடித்தார். ஸ்டான்லி மருத்துவமனைக்கு ஆண்டுதோறும் நன்கொடை தர வேண்டும் என்பதும் ஏற்பாட்டில் ஒன்று. 1885இல் ஹூல்டிங்கே நிலத்தை வாங்கினார். அதன்பின் கழகத்தின் தலைவரும் அவரே, வாடகை வாங்குகிறவரும் அவரே. நூறு பவுண்டாக இருந்த வாடகை சில ஆண்டுகளில் 250 ஆனது. மைதானத்தில் உணவும் பானமும் விற்கும் உரிமையும் அவரிடமே இருந்தது. ஆட்டக்காரர்கள் உடை மாற்றியது ஓக்ஃபீல்டு சாலையும் ஹூல்டிங் தெருவும் சந்திக்கும் முனையில் இருந்த, அவருக்கே சொந்தமான சாண்டன் விடுதியில்.

சாண்டன் இன்றும் அதே முனையில் நிற்கிறது. வெளியே நின்று மைதானத்துக்கு எத்தனை அடி என்று எண்ணிப் பாருங்கள். எவர்டன் ஆட்டக்காரர்கள் இந்தக் கதவிலிருந்து இறங்கி, தெருவைக் கடந்து, ஆன்ஃபீல்டுக்குள் போன காட்சியை இன்றைய சிவப்புக் கொடிகளுக்கு நடுவே நின்று நினைத்துப் பார்ப்பது எளிதல்ல. அதற்காகத்தான் நேரில் வர வேண்டும் என்கிறேன். உள்ளே சென்று ஒரு குளிர்பானம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால், பணியாளர்களிடம் பேச்சுக் கொடுக்கவும் வாய்ப்புக் கிடைக்கும்.

தேவாலயத்தில் தொடங்கிய கழகம் மதுவிடுதியில் உடை மாற்றியது எல்லோருக்கும் ஒப்பவில்லை. கிரேட் ஹோமர் தெரு வெஸ்லியன் ஆலயத்தில் ஆர்கன் வாசித்த ஜார்ஜ் மேஹன், ஹூல்டிங்கை எதிர்த்தவர்களின் தலைவரானார். சண்டைக்குக் காரணம் மதுவிலக்கா வாடகையா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் கருத்தில் ஏடுகள் வாடகையின் பக்கமே சாய்கின்றன: 1891 செப்டம்பரில் ஹூல்டிங் முன்வைத்த திட்டம், ஒரு வரையறுக்கப்பட்ட நிறுவனம் தொடங்கி, தன் நிலத்தையும் பக்கத்திலிருந்த ஆரலின் நிலத்தையும் சேர்த்து 9,237 பவுண்டுக்கு அதை வாங்கச் செய்வது. உறுப்பினர்களைக் கிளப்பிவிட்டது இந்தத் தொகைதான். 1892 ஜனவரி 25 அன்று நடந்த கூட்டத்தில், வேறு இடத்துக்குப் போவோம் என்று மேஹன் சொன்னபோது, இடம் கிடைக்காது என்று ஒருவர் கத்தியதாகவும், அது என் சட்டைப்பையில் இருக்கிறது என்று மேஹன் பதிலளித்ததாகவும் சொல்வார்கள். அந்தச் சட்டைப்பையில் இருந்தது பூங்காவுக்கு அப்பால் வால்டன் பகுதியில் மியர் கிரீன் என்ற வயலுக்கான குத்தகை உரிமை.

அடுத்து, பூங்காவை நோக்கி நிற்கும் ஆன்ஃபீல்டு சாலை வீடுகளில் ஸ்டான்லி ஹவுஸைத் தேடுங்கள். இது ஹூல்டிங் வாழ்ந்த வீடு. 1892 மார்ச் 15 அன்று, கழகத்தில் பெரும்பாலோர் தன்னைக் கைவிட்ட பிறகு, காலியாகப்போகும் மைதானத்தை வைத்துக்கொண்டு அவர் தம் ஆதரவாளர்களை இங்கே கூட்டினார். தெருவிலிருந்து பார்த்துத் திருப்திப்படுங்கள். வாசலில் ஏற வேண்டாம். அங்கிருந்து ஆன்ஃபீல்டுக்குச் சென்றால் அவருடைய மார்பளவுச் சிலை மைதானத்தின் வெளியே நிற்கிறது. எவர்டனின் தலைவராக இருந்தவர் லிவர்பூலின் நிறுவனராகக் கல்லிலும் உலோகத்திலும் நிற்பது இந்தப் பகுதியின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறது.

லிவர்பூல் கழகத்தின் பிறந்த நாள் எது என்ற கேள்விக்கு ஒரே விடை எழுதாதீர்கள். 1892இன் தொடக்கத்தில் ஹூல்டிங் எவர்டன் என்ற பெயரிலேயே ஒரு நிறுவனத்தைப் பதிவுசெய்தார். பழைய கழகம் உயிரோடிருக்க அதே பெயரில் இன்னொன்றைக் கால்பந்துச் சங்கம் ஏற்கவில்லை. மார்ச் 15 கூட்டத்திலிருந்து கணக்கிடுவோர் உண்டு. லிவர்பூல் என்ற பெயர், ஹூல்டிங்கின் ஆதரவாளரான வில்லியம் பார்க்ளேயின் யோசனைப்படி வந்ததாகச் சொல்லப்படுவது, ஜூன் 3ஆம் தேதியோடு முறைப்படி நிலைத்தது. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே அது எந்த நிகழ்ச்சியின் தேதி என்று எழுதினால் முரண்பாடு மறைந்துவிடும். புதிய கழகத்தின் முதல் சட்டை நீலமும் வெள்ளையும். சிவப்பு 1896இல் தான் வந்தது.

ஒன்பதாம் படி: பூங்காவைக் கடந்து குடிசன் பார்க்

திரும்பவும் ஸ்டான்லி பூங்காவுக்குள் நுழைந்து குறுக்கே நடங்கள். பிரிந்துபோனவர்கள் கடந்த தூரம் இவ்வளவுதான். ஜேம்ஸ் பாக்ஸ்டர் என்ற மருத்துவர் வட்டியில்லாமல் 1,000 பவுண்டு கடன் கொடுத்தார். கரடுமுரடான மியர் கிரீன் சமன்செய்யப்பட்டுக் குடிசன் பார்க் ஆனது; 1892 ஆகஸ்ட் 24 அன்று கால்பந்துச் சங்கத் தலைவர் கின்னேர்டு பிரபு அதைத் திறந்துவைத்தார். அன்று கால்பந்து இல்லை. தடகளப் போட்டியும் வாணவேடிக்கையும் நடந்தன. செப்டம்பர் 1, வியாழன், ஆன்ஃபீல்டில் லிவர்பூல் தன் முதல் ஆட்டத்தில் ரோதர்ஹாம் டவுனை 7-1 என்று வென்றது. மறுநாள் வெள்ளி, குடிசனில் எவர்டன் போல்டன் வாண்டரர்ஸை 4-2 என்று வென்றது. நூலகத்தில் புரட்ட வேண்டிய பக்கங்களில் இந்த இரண்டு நாட்களைத் தவறவிடாதீர்கள். எந்த ஆட்டத்துக்கு எத்தனை வரி கிடைத்தது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

குடிசன் பார்க்கில் மைதானத்தின் மூலையோடு ஒட்டி நிற்கும் செயின்ட் லூக் தேவாலயத்தைச் சுற்றிப் பார்க்கலாம். எவர்டன் ஆண்கள் அணி 2025 மே 18 அன்று சவுத்தாம்ப்டனை 2-0 என்று வென்று இங்கிருந்து விடைபெற்று, பிராம்லி-மூர் துறைமுகப் பகுதியில் எழுந்த புதிய மைதானத்துக்குச் சென்றது. குடிசன் இப்போது எவர்டன் பெண்கள் அணியின் வீடு. வால்டன் 1892இல் நகர எல்லைக்குள்கூட இல்லை, 1895இல் தான் சேர்ந்தது. கிராமத்தின் பெயரைச் சுமந்த கழகம் அந்தக் கிராமத்துக்கு வெளியே நூற்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தன் வீட்டை வைத்திருந்தது என்பதைப் பழைய எல்லைக்கோடுகள் இருக்கும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். திரும்ப கிர்க்டேல் ரயில் நிலையம் நடக்கும் தூரத்தில் இருக்கிறது.

பத்தாம் படி: அன்றிரவே எழுதுதல்

குறிப்புகளை ஆற அமரப் பிறகு எழுதலாம் என்று தள்ளிவைக்காதீர்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தாள்: மேலே இடமும் தேதியும்; நடுவே இன்று கண்ணால் கண்டது; கீழே இடப்பக்கம் அந்நாளைய ஏட்டில் இருப்பது, வலப்பக்கம் பிற்காலத்தில் சொல்லப்படுவது. ஏட்டின் பெயர், நாள், பக்க எண் மூன்றையும் விடாமல் எழுதுங்கள். இடப்பக்கம் காலியாக இருக்கும் தாள்களே அடுத்த முறை நூலகத்தில் தேட வேண்டியவற்றின் பட்டியல்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், லிவர்பூலிலிருந்து ஹடர்ஸ்ஃபீல்டுக்கு ரயிலேறி, அங்கே பெனிஸ்டன் வழிச் செல்லும் சிறிய ரயிலுக்கு மாறி, யார்க்‌ஷயரில் ஷெப்லி என்ற ஊரில் இறங்குங்கள். 1901இல் காலமான பென் ஸ்விஃப்ட் சேம்பர்ஸ் அந்த ஊரில்தான் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். அவர் கல்லறைக்கு முன் நின்று, முதல் நாள் நூலகத்தில் எடுத்த வரைபடத்தில் அந்தத் தெருமுனையை இன்னொருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.